வேலையைப் பார்த்தவர்களின் சாட்சி



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் வாழ்நாள் முழுக்க வார்டு சிஸ்டராக இருந்தவர். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை வைப்புநிதியாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்கவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். நிபந்தனை இரண்டுதான். பேச்சு தமிழில் இருக்கவேண்டும். கேட்கிற பிள்ளைகளின் பிழைப்புக்கு உதவவேண்டும். முதல் நிபந்தனை எனக்கு எளிது. இரண்டாவதை நினைத்து ஒரு மாதமாகப் பேச்சை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

தேதி பேச வந்த அன்று, கல்லூரி முதல்வர் அறைக்கு எனக்கு வழிகாட்ட ஒரு மாணவி கூடவே நடந்து வந்தாள். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் மூன்றாம் ஆண்டு. நடந்துகொண்டே கேட்டாள்: "மேடம், நீங்க அமெரிக்காவுல வேலை பார்த்தவங்களாமே? அங்கயாவது ஆள் தெரியாம வேலை கிடைக்குமா?"

"கிடைக்காதும்மா" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. அதற்குள் அறைக்கு வந்துவிட்டோம், பேச்சு பாதியில் நின்றது. சொன்ன பதில் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியை இன்று சொல்லவேண்டும். அந்தப் பெண் இந்த அரங்கில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்புகிறேன்.

செவிலியர் அல்லாத விருந்தினர்களுக்காக முதலில் சிறு விளக்கம். பிசிஷியன் அசிஸ்டென்ட், சுருக்கமாகப் பி.ஏ. என்பவர், மருத்துவரோடு இணைந்து நோயாளியைப் பரிசோதித்து, நோயை இனங்கண்டு, சிகிச்சை தருபவர். அறுவை அரங்கிலும் துணைநிற்பவர். நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது என்.பி., செவிலியராகப் பதிவுபெற்ற பின் அதன்மேல் முதுநிலைப் படிப்போ முனைவர் படிப்போ முடித்து ஏறக்குறைய அதே வேலைகளைச் செய்பவர். அமெரிக்காவில் இருவருமே மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு தொழிலும் அங்கேதான் பிறந்தன. ஒரே ஆண்டில், 1965-இல் பிறந்தன. நான் அங்கே என்.பி.யாக வேலை பார்த்தவள்; பி.ஏ.க்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கேஸ் பேசியவள். ஆகவே இந்த அரங்கில் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நர்சிங் பிள்ளைகளையும் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பி.ஏ. பிள்ளைகளையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது.

கதையைச் சில ஆண்டுகள் முன்னாலிருந்து தொடங்குகிறேன். வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மருத்துவத் துறையின் தலைவர் யூஜீன் ஸ்டெட். அதே பல்கலைக்கழகத்தில் செவிலியர் பேராசிரியை தெல்மா இங்கிள்ஸ். 1950-களின் பிற்பகுதியில் இங்கிள்ஸுக்குப் பாடம் எடுப்பதிலிருந்து விடுப்புக் கிடைத்தது. பொதுவாக அந்த விடுப்பில் ஊர் சுற்றுவார்கள், புத்தகம் எழுதுவார்கள். இவர் ஸ்டெட்டின் வார்டுக்குப் போய், ஒரு மருத்துவ மாணவர் கற்பதைப்போல நோயாளியின் படுக்கையருகே நின்று கற்றார். கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ள மனமில்லாமல், ஸ்டெட்டோடு சேர்ந்து செவிலியருக்கான ஒரு மேற்படிப்பைத் தொடங்கினார். தேர்ந்த செவிலியர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆனால் செவிலியர் கல்விக்கு அங்கீகாரம் தரும் நேஷனல் லீக் ஃபார் நர்சிங் அமைப்பு அதற்கு அங்கீகாரம் தரவில்லை. மருத்துவர்கள் பாடம் நடத்துவதும், மருத்துவரின் வேலையைச் செவிலியர் கையில் எடுப்பதும் அவர்களுக்கு உடன்பாடாக இல்லை.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அந்தப் படிப்பை மறுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். செவிலியம் தனக்கென்று ஒரு நிலத்தை உழுதுகொண்டிருந்த காலம் அது; மருத்துவரின் நிழலிலிருந்து வெளியே வரப் பாடுபட்டவர்கள், மறுபடி அதே நிழலுக்குள் போவதாகப் பயந்திருப்பார்கள். ஆனாலும் இங்கிள்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை வார்டில் நின்று பார்த்தவர்கள் ஒருசிலர்தான். அவர்கள் சொல் அந்தக் கமிட்டி அறை வரைக்கும் போய் எட்டவில்லை. படிப்பு நின்றுபோனது. இங்கிள்ஸ் டியூக்கை விட்டுப் போனார்.

ஸ்டெட் வேறு ஆட்களைத் தேடினார். அப்போது அவர் கண்முன் ஏற்கெனவே ஒரு மனிதர் இருந்தார். அதே மாநிலத்தில் கார்லண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஏமஸ் ஜான்சன் என்ற குடும்ப மருத்துவர். அவருடைய கிளினிக்கில் ஹென்றி ட்ரெட்வெல் என்ற கறுப்பின உதவியாளர். பட்டி ட்ரெட்வெல் என்று கூப்பிடுவார்கள். மருத்துவப் பட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. டாக்டர் பக்கத்தில் நின்று, அவர் கையாலேயே கற்றுக்கொண்டவர். ஜான்சன் மருத்துவர் சங்க வேலையாக அடிக்கடி வெளியூர் போகிறவர். அவர் இல்லாத நாட்களிலும் கிளினிக் தடுமாறாமல் நடந்தது. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் மாநிலத்தில், ஒரு கறுப்பர் இந்த வேலையைச் செய்தார், ஊர் அவரை நம்பியது. ஸ்டெட்டுக்கு இது தெரிந்திருந்தது. நல்ல கையும் நல்ல கண்ணும் உள்ள ஒருவரை முறையாகப் பழக்கினால் மருத்துவரின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவார் என்பதற்கு அவருக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.  ட்ரெட்வெல்லின் வேலையைப் பார்த்த ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். ஒரு தொழிலே அதிலிருந்து கிளம்பியது.

அதே மாநிலத்தில் நான் வேலை பார்த்த ஊரிலிருந்து கார்லண்ட் காரில் போய்விடும் தூரம். ஒருமுறை அந்த வழியாகப் போனபோது இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

1965-இல் ஸ்டெட் சேர்த்துக்கொண்டது நான்கு பேர். நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்தவர்கள். காயத்துக்குத் தையல் போட்டவர்கள், ரத்தப்போக்கை நிறுத்தியவர்கள். ஊருக்குத் திரும்பினால் அந்தக் கைத்திறனுக்கு மதிப்பளிக்க ஒரு காகிதமும் இல்லாதவர்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் 1967 அக்டோபர் 6-ஆம் தேதி மூன்று பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அமெரிக்காவில் இன்றும் பி.ஏ. வாரத்தை அக்டோபர் 6-ஆம் தேதிதான் தொடங்குகிறார்கள்.

அந்த மூன்று பேரின் நிலையை யோசித்துப் பாருங்கள். தொழிலுக்கென்று சட்டம் இல்லை. வட கரோலினா தன் மருத்துவச் சட்டத்தைத் திருத்தி இவர்களுக்கு இடம் தந்தது 1971-இல்தான். தேசிய அளவில் தேர்வு வந்தது 1973-இல். நோயாளிகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. கையில் இருந்ததெல்லாம், "இவர் வேலையை நான் பார்த்திருக்கிறேன், இவரை நம்பலாம்" என்று சொல்ல ஒரு சில மருத்துவர்கள். 1968-இல் டியூக்கில் இருந்த மாணவர்களும் படிப்பை முடித்தவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். மொத்தப் பேரும் ஒரே வகுப்பறைக்குள் அடங்கிவிடுவார்கள், அவ்வளவுதான் தொழில். அதற்கு ஒரு தேசியச் சங்கம்! இன்றைக்கு அமெரிக்கன் அகாடமி ஆஃப் பிசிஷியன் அசோசியேட்ஸ் என்று அழைக்கப்படுவது அதுதான்.

மறுபக்கம், கொலராடோவில், லொரெட்டா ஃபோர்ட். பொதுச் சுகாதாரச் செவிலியர். கிராமப்புறத்தில் குழந்தைகளுக்கான கிளினிக்குகளை நடத்தியவர். மருத்துவர் எட்டிப்பார்க்காத இடங்களில் குழந்தையின் நலத்தைச் செவிலியரே பார்த்துக்கொள்வதைத் தினமும் கண்டவர். அவரும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் என்.பி. பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவரிடம் மட்டுமல்ல, தம் சொந்தத் துறைப் பேராசிரியர்களிடமும் ஃபோர்ட் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் 104 வயது வரை வாழ்ந்தார். 2025 ஜனவரியில் மறைந்தபோது அமெரிக்காவில் உரிமம் பெற்ற என்.பி.க்கள் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். தான் நட்டதைக் கண்ணாரக் கண்டுவிட்டுப் போனவர்.

1966-இல் லுக் என்ற பெரிய இதழ் டியூக் மாணவர்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், செவிலியருக்கு மேல், மருத்துவருக்குக் கீழ் என்று வரும். ஒரு தலைப்பு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு இதுவே போதும். செவிலியர்கள் கொதித்தார்கள், நியாயம்தானே. கூடப்பிறந்ததுபோல ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு தொழில்களுக்கு நடுவில் மேல், கீழ் என்று கோடு விழுந்தது. அந்தக் கோடு இந்த அரங்கில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவிலும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டல் மெஸ்ஸில் நீங்கள் தனித்தனி மேசையில் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். இன்றைக்கு மதியம் சேர்ந்து சாப்பிடுங்கள். பத்து வருஷம் கழித்து உங்களை ஒரு ஐ.சி.யு.வுக்குக் கைகாட்டிவிடப்போகிற ஆள் எதிர் மேசையில் இருக்கலாம்.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒரு மனிதருக்கு வருகிறேன். ரிச்சர்ட் ஸ்மித். கறுப்பின மருத்துவர். நைஜீரியாவில் அமைதிப் படை என்ற தொண்டுத் திட்டத்தில் மருத்துவராக இருந்தவர். 1969-இல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மெடெக்ஸ் என்ற பயிற்சியைத் தொடங்கினார். முதல் அணியில் பதினைந்து பேர், ராணுவத்திலிருந்து திரும்பிய மருத்துவப் பணியாளர்கள். ஸ்மித் செய்த காரியம் என்னவென்றால், படிப்பு முடிந்த பிறகு வேலைக்கு அலையட்டும் என்று பிள்ளைகளை விட்டுவிடவில்லை. வேலை இருக்கும் இடத்திலிருந்து தொடங்கினார். மாநில மருத்துவர் சங்கத்தை முதலில் தன்னோடு சேர்த்துக்கொண்டார். தனியாகத் திணறிக்கொண்டிருந்த சின்ன ஊர் மருத்துவர்களைக் கண்டுபிடித்தார். அந்த மருத்துவரையும் மாணவரையும் நேருக்கு நேர் பார்க்கவைத்து, பேசவைத்து, இருவருக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சேர்த்துவைத்தார். சில மாதம் பல்கலைக்கழக வகுப்பு. அதன்பின் பயிற்சி முழுக்க அந்த மருத்துவரின் பக்கத்தில், அந்த ஊரில். பயிற்சி முடியும் நாளில் மாணவரின் வேலையை மருத்துவர் பார்த்திருப்பார், ஊரும் பார்த்திருக்கும். பிறகு விண்ணப்பம் எதற்கு, நேர்காணல் எதற்கு?

நம் ஊரில் பெண் பார்க்கும்போது வீடு வாசல், குணம், பேச்சு எல்லாம் விசாரிப்போமே, அப்படி ஒரு விசாரிப்பைத் தொழிற்கல்விக்குள் கொண்டுவந்துவிட்டார் ஸ்மித். தொழில் உறவுகளை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்வது எளிது. அந்த உறவு உண்டாகும் இடத்தைக் கல்லூரியே கட்டித்தர வேண்டும் என்று நினைத்தவர்கள் குறைவு. ஆசிரியர்கள் என்னை மன்னிக்கவேண்டும், இதை உங்களுக்காகத்தான் சற்று நீட்டிச் சொன்னேன்.

இப்போது என் கதை.

நான் தென்மாவட்டத்துப் பெண். சென்னையில் ஐ.சி.யு.வில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வு எழுதி, அமெரிக்கா போனேன். வட கரோலினாவின் ஒரு சின்ன ஊரில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு ஷிப்ட். வேலை பார்த்துக்கொண்டே என்.பி. முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். பாடமெல்லாம் சரியாகத்தான் போனது. சிக்கல் எங்கே என்றால், பயிற்சி மணிநேரத்தில். அப்போது குறைந்தபட்சம் 500 மணி நேரம் ஒரு மருத்துவரிடமோ என்.பி.யிடமோ நேரடிப் பயிற்சி எடுத்தாக வேண்டும். இப்போது அதை 750 ஆக்கிவிட்டார்கள். பி.ஏ. படிப்பில் பயிற்சி இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்து தரவேண்டும் என்பது அங்கீகார விதி. என்.பி. படிப்பில் பல கல்லூரிகள் இடம் தேடுவதை மாணவர் தலையில் கட்டிவிடுகின்றன. என் கல்லூரியும் அப்படித்தான் செய்தது. பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி இடம் பிடித்துத் தரும் நிறுவனங்கள்கூட உண்டு. என்னிடம் அதற்குப் பணம் இல்லை.

காலையில் ஷிப்ட் முடித்து, குளித்து, ஒரு கப் காபியோடு உட்கார்ந்து போன் போடுவேன். ஒரு நோட்டில் கிளினிக்குகளின் பெயர்களை எழுதி, பதில் வந்ததும் அடித்துவிடுவேன். இருபத்தாறு பெயர்களை அடித்தேன். ஓர் இடத்தில் வரவேற்பில் இருந்தவர் என் உச்சரிப்பைக் கேட்டதும், பேசிமுடிக்கும் முன்பே தொடர்பைத் துண்டித்தார். அந்த வாரம் ஊருக்குப் போன் செய்தபோது அம்மா, "உனக்கு அங்க வேண்டியவங்க யாரும் இல்லையாடி?" என்று கேட்டாள். வேண்டியவர்கள். எவ்வளவு சரியான சொல்! சாதிக்காரர், ஊர்க்காரர், உறவுக்காரர், கடன்பட்டவர். எனக்கு வேண்டியவர் என்று அந்த நாட்டில் யாரும் இல்லை.

இருபத்தேழாவது பெயருக்கு நான் போன் செய்யவில்லை. அங்கிருந்தே போன் வந்தது. பக்கத்து ஊர்க் கிளினிக் ஒன்றில் என்.பி.யாக இருந்த பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். அவர் கேட்டது இதுதான்: "அந்த இல்லத்திலிருந்து நோயாளியை எங்களிடம் அனுப்பும்போது கூடவே வரும் தாளில், சில நாட்கள் மட்டும் கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு எந்த மாத்திரை போட்டார், மகளிடம் என்ன பேசினார் என்றெல்லாம் இருக்கும். அதை எழுதுவது நீயா?"

நான்தான். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இங்கே நம் வார்டில் அடுத்த ஷிப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது எங்கள் சீனியர் சிஸ்டர் என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டு அழவைத்துப் பழக்கிய பழக்கம். நோயாளியை அடுத்தவர் கையில் கொடுக்கிறாய், உனக்குத் தெரிந்தது எல்லாம் அவருக்குத் தெரியவேண்டாமா என்பார். அந்தப் பழக்கத்தில் எழுதியது. என் முகத்தைப் பார்த்திராத ஒருவர், இரண்டு ஆண்டாக என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இங்குள்ள ஒரு நர்ஸ் பயிற்சிக்கு இடம் தேடி அலைகிறாள் என்று இல்லத்தில் வேலை பார்த்த ஓர் உதவியாளர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அவரிடம்தான் பயிற்சி எடுத்தேன். காசு வாங்கவில்லை. பிறகு அதே கிளினிக்கில் வேலை.

முதல்வர் அறைக்கு வழிகாட்டிய அந்த மாணவியிடம் அன்றைக்கு நான் சொல்ல விட்டுப்போனது இதுதான். நமக்கு வேண்டியவர் சொல்லும் சொல்லில் நம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. "நம்ம பையன், பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பார். நம் வேலையை அறிந்தவர் சொல்லும்போது வேலை மட்டும்தான் அதில் இருக்கும். முதலாமவரைத் தேடிப் போகலாம். கிடைப்பார், கிடைக்காமலும் போவார். இரண்டாமவர் நாம் பார்க்காதபோது உருவாகிறார்.

என்.பி. ஆனபின்னும் ஆள் தேவை தீர்ந்துவிடவில்லை. வட கரோலினாவில் ஒரு மருத்துவரோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் என்.பி. நோயாளியைப் பார்க்கமுடியாது. முதல் ஆறு மாதம் மாதமொரு தடவையாவது அவரோடு உட்கார்ந்து கேஸ்களைப் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். பல மாநிலங்களில் இந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது, எங்கள் மாநிலத்தில் நீங்கவில்லை. சில மருத்துவர்கள் கையெழுத்துக்கு மாதாமாதம் கட்டணம் வாங்குகிறார்கள். எனக்குக் கிடைத்தவர் அப்படியல்ல. அந்த மாதக் கூட்டத்துக்கு அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2023-இல் பி.ஏ.யின் நடு ஊதியம் ஆண்டுக்கு 1,30,020 டாலர், என்.பி.க்கு 1,26,260 டாலர். அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, என்.பி.யோ பி.ஏ.யோ தன் பெயரில் பார்த்த நோயாளிக்கு, மருத்துவர் கட்டணத்தில் 85 சதவீதம் தருகிறது. அதே வேலையைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மருத்துவரின் பெயரில் பில் போட்டால் 100 சதவீதம். ஆகவே பல கிளினிக்குகள் எதைச் செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நோயாளியைப் பார்த்தவர் ஒருவர், ஏட்டில் இருப்பது இன்னொருவர் பெயர். பி.ஏ.க்களுக்கு மெடிகேர் பணம் நேரடியாக அவர்கள் பெயருக்கே வரத் தொடங்கியது 2022 ஜனவரியில்தான். ஏட்டில் பெயரில்லாத வேலைக்கு வாய்ச்சொல்தான் சாட்சி. அதனால்தான் பி.ஏ.க்களும் என்.பி.க்களும் சங்கக் கூட்டத்துக்கு விடுப்பு போட்டுவிட்டுப் போகிறார்கள்; ஒருவர் வேலையை இன்னொருவர் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள்.

வேலை மாறும் விதத்தில் இரண்டு தொழிலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பி.ஏ. எல்லாத் துறைக்கும் பொதுவாகப் படித்தவர், எலும்பு மருத்துவத்திலிருந்து தோல் மருத்துவத்துக்கு, அங்கிருந்து அவசரப் பிரிவுக்கு, புதிய பட்டமில்லாமல் போகலாம். ஆனால் புதுத் துறையில் அவர் கையை நம்ப ஒருவர் வேண்டும். என்.பி. ஆரம்பத்திலேயே குடும்ப நலம், குழந்தைகள், மனநலம் என்று ஒரு பிரிவில் சான்று பெற்றவர். பிரிவு மாறினால் மறுபடி படிக்கவேண்டும், மறுபடி பயிற்சி இடம் தேடவேண்டும். ஆகவே பி.ஏ. பிள்ளைகளே, நீங்கள் பல துறை ஆட்களோடு பழகிவையுங்கள். நர்சிங் பிள்ளைகளே, நீங்கள் எந்தப் பிரிவு என்பதை அவசரப்பட்டுத் தீர்மானிக்காதீர்கள். மூன்று வார்டிலாவது வேலை பார்த்தபின் முடிவெடுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் பி.ஏ. படிப்பு தொடங்கியது சென்னையில். 1992-இல், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இருதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் தொடங்கினார். அறுவை அரங்கில் தன் பக்கத்தில் நிற்கப் பழகிய கை தேவை என்று உணர்ந்த ஒரு மருத்துவரால் இங்கேயும் தொழில் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். முப்பது ஆண்டுக்குமேல் ஆகியும், பி.ஏ. என்றால் "எந்த டாக்டருக்கு பர்சனல் அசிஸ்டென்ட்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்று உங்கள் சீனியர்கள் வருத்தப்படுகிறார்கள். 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் உங்கள் தொழிலின் பெயர் இருக்கிறது. செவிலியர்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான இரண்டு ஆண்டு என்.பி. முதுநிலைப் படிப்பை வகுத்திருக்கிறது. காகிதம் வந்துவிட்டது. வார்டில் அந்தக் காகிதத்துக்கு என்ன பொருள் என்பதை இனிமேல்தான் நீங்கள் காட்டவேண்டும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் சங்கம் 2021-இல் அசிஸ்டென்ட் என்ற சொல்லை விட்டு அசோசியேட் என்ற சொல்லுக்கு மாற முடிவெடுத்தது. பிரிட்டனில் அசோசியேட் என்ற பெயரே பல ஆண்டுகளாக இருந்தது. 2025 ஜூலையில் வெளியான ஆய்வறிக்கை அதை அசிஸ்டென்ட் என்று மாற்றச் சொன்னது. தன்னைப் பார்ப்பவர் மருத்துவர் என்று நோயாளி தவறாக நினைத்துவிடுகிறார் என்பது அங்கே எழுந்த முக்கியமான குறை. அந்தக் குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். படுக்கைக்கு முன்னால் போய் நின்றதும், "ஐயா, என் பேர் இன்னது. நான் டாக்டர் இல்லை, பிசிஷியன் அசிஸ்டென்ட். டாக்டரோட சேர்ந்து உங்களைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லவேண்டி வந்தாலும் சொல்லுங்கள். டாக்டரம்மா என்று நோயாளி கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன். ஒரு நோட்டு வையுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ இல்லாமல், அன்று என்ன கேஸ் பார்த்தீர்கள், உங்கள் கையால் என்ன செய்தீர்கள், எங்கே தவறினீர்கள், யார் திருத்தினார் என்று எழுதுங்கள். இரண்டு வருஷம் கழித்து யாராவது உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால் அதுதான் பதில். உங்களைத் திருத்தியவருக்கு ஆறு மாதம் கழித்து ஒரு வரி எழுதுங்கள், "நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், சரியா வந்தது" என்று. வேலை கேட்டு எழுதும் நூறு கடிதத்தைவிட அது அவர் நினைவில் நிற்கும். சிபாரிசுக் கடிதம் கேட்கப் போனால் உங்களை நன்றாக அறிந்தவரிடம் போங்கள், பெரிய பதவியில் இருப்பவரிடம் போகாதீர்கள். துறைத்தலைவர் கையெழுத்திட்ட, உங்களைப் பற்றி எதுவுமே சொல்லாத நான்கு வரியை எந்த ஊரிலும் யாரும் படிப்பதில்லை. இன்னொன்று: தெரியவந்த ஒரு வேலை உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், பொருந்தும் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். அவர் வேலையை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் என் கடைசி ஏழு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு இரண்டு மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். என் பக்கத்தில் நிற்க இடம் கேட்டு ஒரு போன் வந்தால், நோட்டில் என் பெயரை யாரும் அடிக்கவேண்டிய நிலை வரக்கூடாது என்று வைத்துக்கொண்ட வைராக்கியம் அது. மாணவர் நின்றால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் தாமதமாகும். அது எனக்குத் தெரியும், இங்கே வந்திருக்கும் பழைய மாணவர்களுக்கும் தெரியும்.

பழைய மாணவர்களிடம்தான் ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். அரங்கின் வாசலில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், ஒரு நீள நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேலை தேடுபவர்கள் அதில் எழுதவேண்டாம். வரும் ஜூன் மாதத்திலிருந்து, தன் ஷிப்டில், தன் பக்கத்தில் ஒரு மாணவரை நிறுத்திக்கொள்ள முடிந்தவர்கள் எழுதுங்கள். எந்த ஊர், எந்த வார்டு, காலையா இரவா, எத்தனை மணி நேரம். பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறார்கள். முதல் வரியில் நான் எழுதிவிட்டேன்.